பக்கத்து இலை

இது என் மகளுக்குள்ள எடம், உக்காந்துராதீங்கன்னு எத்தன பேருட்டதான் சொல்லுவேன், சொல்லச் சொல்ல எனக்கே நாக்கு கூசுது. அசனப் பந்தியில எடம் பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா, இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து தெரியும். வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம்னா வந்தவன் வந்த வரிசையில உக்காரணும், மாடிவீட்டுக்காரனும் பனையேறியும் ஒரே பாய்ல, ஒரே அண்டாச் சோறு, ஒரே கறி. எங்க சபையில ஒத்துமைன்னு ஒண்ணு இருக்குன்னா அது வருஷத்துல இந்த ஒரு நேரச் சோத்துலதான் இருக்கு, மத்த நாளெல்லாம் கமிட்டி எலெக்ஷனும் கோர்ட்டு கேஸுந்தான். அப்படிப்பட்ட பந்தியில நான் தூக்குவாளியத் தூக்கிப் பக்கத்துல வச்சு எடம் பிடிச்சிருக்கேன், பஸ்ஸுல துண்டு போடுத மாதிரி. சொர்ணம் மைனி இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு வாளியையும் பாக்கா, என் மூஞ்சியையும் பாக்கா, ஏளா லீதியா, நெசமாவே வருவாளாங்கா. வாறேன்னு போன்ல சொன்னா மைனி, அவ வாயாலதான் சொன்னான்னேன். ஞாயித்துக்கெழம அசனத்துக்கு வாறேம்மான்னுதான் சொன்னா. வாறேன்னு சொன்னாளே தவிர சாப்பிட வாறேன்னு சொல்லல. அத மைனிட்ட நான் சொல்லல. அசனத்துக்கு வாறவ வேற என்னத்துக்கு வருவா, சாப்பிடத்தானே வருவா, எந்த மடச்சியாவது அசனத்துக்கு வந்து வெறும் வயித்தோட போவாளா. எம்மக கெத்தி வருவா. வந்து உக்காந்து இந்த எலையில கைய வச்சு ஒரு வாய் எடுத்துட்டான்னா அவ எனக்கு மக, நான் அவளுக்கு அம்மை, அவ வெள்ள வீட்டுலயே இருந்துட்டுப் போட்டும். கைய வைக்கலன்னா. அத இப்ப நினைக்காண்டாம்.

வெள்ள வீடுன்னு நாங்க வச்ச பேருதான், அவங்களுக்குப் பேரே கிடையாதாம், பேரு வைக்கது மனுஷன் வேலையாம். தூத்துக்குடியில ஒரு மாடிவீடு, வெளிச்சுவரெல்லாம் வெள்ள, உள்ள இருக்கவங்க சேலையும் வெள்ள, அவங்களுக்கு ஒரு பெரிய அண்ணன். அந்த ஆளுக்கு என்ன வயசோ, எல்லாருக்கும் அண்ணன்தான், கெழவிகளுக்கும் அண்ணன். கெத்தி எப்படிப் போனான்னு ஊருல ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க, மருமகன் இழுத்துட்டுப் போனாருன்னு, மருந்து வச்சிட்டாங்கன்னு, படிச்ச திமிருன்னு. எனக்குத் தெரியும் எப்படிப் போனான்னு. சோத்தால போனா. வயித்துப்பிள்ள நிறைமாசத்துல அசைவில்லாம பெறந்துச்சே, அப்ப நம்ம ஆளுகளும்தான் வந்தாங்க, வரலன்னு சொல்லமாட்டேன், வேன் பிடிச்சு வந்தாங்க, வந்து சுத்தி உக்காந்து தேவசித்தம்னாங்க, ஆண்டவர் குடுத்தாரு ஆண்டவர் எடுத்தாருன்னாங்க, ஒரு பாட்டப் பாடிட்டு காப்பி குடிச்சிட்டுப் போயிட்டாங்க. அவ வீட்டுக்குக் கீழ்வீட்டுல குடியிருந்த வெள்ளச்சேலைப் பொம்பளைகதான் ஒண்ணுமே சொல்லாம கஞ்சி காய்ச்சிக் கொண்டாந்தாங்க, காணத் தொவையலும் கஞ்சியும், நாள் தவறாம, பால் கட்டி நெஞ்சு வீங்கி அவ கெடந்தப்ப மல்லிப்பூ வச்சுக் கட்டிவிட்டது அவங்கதான். நான் பெத்தவ அந்நேரம் எங்க போயிருந்தேன், கெத்தி அப்பா இவுகளுக்குக் கண்ணுல ஆபரேஷன்னு இங்க ஊருல கெடந்தேன். அதனால அவங்கள வாய்நெறைய வையவும் என்னால முடியல. கஞ்சி ஊட்டுன கைய நம்பித்தான் எம்பிள்ள போச்சு. போன பிறகு கொஞ்சம் கொஞ்சமா காதுல கெடந்தது போச்சு, கழுத்துல கெடந்தது போச்சு, வங்கிப் பரிச்சைக்குப் படிச்ச படிப்பு போச்சு, எதக் கேட்டாலும் அண்ணன்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேம்மா. ஒரு நாளு வீட்டுக்கு வந்தவ சோத்துக்கு உக்காரலம்மான்னா. தண்ணியாவது குடிட்டின்னேன். பையிலருந்து ஒரு பாட்டில எடுத்து அவ தண்ணிய அவ குடிச்சா. நம்ம கெணத்துத் தண்ணி, குளிக்க வச்சு வளத்த தண்ணி. அவங்க அப்பம் பிட்குத பந்தியில சேராதவங்களோட உக்காந்து திங்கக்கூடாதாம், பெத்தவங்களா இருந்தாலும். அண்ணைக்கு நான் பானையக் கழுவிக் கவுத்திட்டு ராத்திரிக்கு ஒல வைக்கவே இல்ல.

அந்தப் பெறவுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது. எப்படியாவது அவங்க உபதேசத்துல ஒரு ஓட்டையக் கண்டுபிடிச்சிரணும், இது கள்ள உபதேசம்னு எங்க கோயில் பாதிரி ஐயர் வாயால ஒரு வார்த்தை சொல்ல வச்சிரணும், சொல்லிட்டாருன்னா நோய்க்குப் பேரு தெரிஞ்ச மாதிரி, மருந்து தேடலாம். மாதர் சங்கத்துல பேச பாளையங்கோட்டையிலருந்து ஒரு அம்மா வந்தாங்க, கண்ணாடி போட்ட அம்மா, அழகாப் பேசுனாங்க. கள்ளநோட்டுக்காரனப் பிடிக்கதுக்கு கள்ளநோட்டப் படிக்கவேண்டாம், நல்ல நோட்டத் தடவித் தடவிப் பழகின கைக்கு கள்ள நோட்டு தானா தெரியும்னாங்க. எல்லாரும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுனாளுவ. எனக்கு ரெண்டு நோட்டும் ஒண்ணு போலல்லா இருக்கு, நான் என்ன செய்வேன். கூட்டம் முடிஞ்சு அந்த அம்மாவ தனியா மறிச்சுக் கேட்டேன். அவங்க பொறுமையாச் சொன்னாங்க, இயேசுவ தேவன்னு ஒத்துக்கிடுதாங்களான்னு கேளுங்க, பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு மூணையும் சொல்லுதாங்களா, சிலுவையில செத்து உயிரோட எழும்புனத நம்புதாங்களா, வேதத்துக்குப் பக்கத்துல இன்னொரு பொஸ்தகத்த வச்சிருக்காங்களா, வருகைக்கு தேதி குறிச்சிருக்காங்களா. நான் பாடம் படிக்கிறவ மாதிரி வீடு வந்து சேருத வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தேன். அப்புறம் கெத்திக்குப் போனப் போட்டு, மழை பெஞ்சுச்சா வெயில் அடிச்சுச்சான்னு பேச்ச வளத்து நடுவுல ஒண்ணொண்ணா விட்டேன். ஏட்டி, உங்க ஆளுக இயேசுவ தேவன்னு சொல்லுவாங்கள்லா. அவ சிரிச்சிட்டா. எத்தன மாசம் கழிச்சு அந்தச் சிரிப்பு. என்னம்மா, எனக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கீங்களாக்கும்னா. சொல்லேன்ட்டின்னேன். விசுவாசப்பிரமாணத்த தலையிலருந்து வால் வரைக்கும் சொன்னா, ஒரு எழுத்து தட்டல, என்னவிட வேகமாச் சொன்னா, நான் படிச்சிக் குடுத்த ராகத்துலயே சொன்னா. அவ சொல்லச் சொல்ல நான் இந்தப் பக்கம் கண்ண மூடி ஜெபிச்சிக்கிட்டு நிக்கேன், ஆண்டவரே, ஒரு எடத்துல தப்பிரட்டும், ஒரு தப்பாவது சொல்லிரட்டும்னு. எந்தத் தாயாவது பெத்த பிள்ள விசுவாசத்துல தப்பணும்னு ஜெபிப்பாளா. நான் ஜெபிச்சேன். அவ தப்பல.

ஐயர்ட்ட போனேன். வயசு கம்மின்னாலும் நல்ல பிள்ள, மழுப்பமாட்டாரு. ரெண்டு வாரம் விசாரிச்சாரு, அந்த வெள்ள வீட்டுக்கே போய் அந்த அண்ணன்ட்ட பேசிட்டும் வந்துட்டாரு. வந்து உக்காந்து, அம்மா, உபதேசத்துல பிழை இல்ல, என்னால இத துர்உபதேசம்னு சொல்ல முடியாது, சபை மாறிட்டாங்கன்னுதான் சொல்லலாம்னாரு. பிழையே இல்லன்னா எம்பிள்ள எனக்கு ஏன் கிடைக்கலன்னு கேட்டேன். ஐயரம்மா உள்ளருந்து காப்பி கொண்டு வந்தா, காப்பியும் நல்ல காப்பி. நான் அந்த அம்மா சொன்னதுல இல்லாத ஒண்ண கேக்கேன், பெத்தவ கூட ஒரு சட்டிச் சோத்துல கை போடாதன்னு சொல்லுதானே, அது எந்த உபதேசத்துல வருது, அது பிழையில்லையா. ஆண்டவரு வரி வாங்குதவன் வீட்டுல உக்காந்து சாப்பிட்டாரு, கெட்டவன்னு ஊரு ஒதுக்குனவன் கூட சாப்பிட்டாரு, காட்டிக்குடுக்கப் போறவனுக்கே தொட்டுக் குடுத்தாரு. நான் யூதாஸவிட மோசமாப் போயிட்டேனா. ஐயர் கேட்டுட்டு, அது உபதேசம் இல்லம்மா, அது நடத்தைன்னாரு. உபதேசம் வேற, நடத்தை வேறயாம். சரி, வேறதான். வேறன்னு பிரிச்சு வச்சிட்டுப் போயிட்டா எனக்கு வயிறு ஆறிருமா.

அண்டாவ எறக்குதாங்க போல, கமகமன்னு வருது. மசாலா வாசமும் சூட்டுல ஓலைப்பாய் வேகுற வாசமும். சோத்தப் பாய்ல கொட்டி கெளறுதாங்க, ஆவி பந்தலத் தொடுது. இவுக அந்தப் பக்கம் ஆம்பளைகளோட கறி வாளியத் தூக்கிட்டு நிக்காக. கண்ணு ஆபரேஷன் பண்ணின மனுஷன், புகையில நிக்காதீங்கன்னா கேக்கணுமே, வருஷா வருஷம் கறி விளம்புதது அவுகதான், அந்த வாளிய இன்னொருத்தன் தொட்டா ரெண்டு நாளைக்குப் பேசமாட்டாக. மக வாறான்னு இவுகட்ட சொன்னேன். காது கேக்காத மாதிரி போயிட்டாக. அவுகதானே சொன்னது, செத்துட்டான்னு நெனச்சுக்கிடுன்னு. அப்படிச் சொன்ன மனுஷன் விடியக்காலத்துல கொல்லையில நின்னு தேம்புனத நான் பாக்கலன்னு நெனப்பு. இன்னும் எலை போடல. வாசல்ல வெள்ளையா யாரோ, இல்ல, அது உபதேசியார் வேட்டி. நான் வாசலையே பாக்கக்கூடாது, பாத்துக்கிட்டே இருந்தா வரமாட்டா, பால் பொங்குதத பாத்துக்கிட்டு நின்னா பொங்காதுல்லா. சரி, பாக்கல.

காலைல ஐயர் பிரசங்கத்துல மாசிலாமணி கதையச் சொன்னாரு. பிரதிஷ்டைப் பண்டிகைக்கு எந்த ஐயர் வந்தாலும் அதத்தான் சொல்லுவாரு, அதச் சொல்லலன்னா ஊரு விடாது. இவுக பூட்டனுக்குப் பூட்டன், மாடசாமின்னு பேரு இருந்தவரு, இந்த ஊர்ல மொதமொத வேதத்துக்கு வந்தவரு. ஞானஸ்நானம் வாங்கி மாசிலாமணியாகி வீட்டுக்கு வந்தாராம், அண்ணைக்கு சுடலைமாடனுக்குக் கொடை, அம்மை படப்புச் சோத்த எலையில போட்டு, திங்கட்டும் எம்பிள்ளன்னு முன்னால வச்சாளாம். அவரு கையெடுத்துக் கும்பிட்டு, அம்மா, இனி இது எனக்கு ஆகாதுன்னு தொடாம எழும்பிப் போனாராம், எழும்பிப் போய்த் தேரிக்காட்டுல ஒரு பனையடியில மொழங்கால் போட்டாராம், அந்தப் பனை நின்ன எடத்துலதான் இந்தக் கோயில் நிக்கி. சொல்லும்போதே எனக்கெல்லாம் புல்லரிக்கும். எங்க வீட்டுக் கதைல்லா, வாக்கப்பட்டு வந்த வீட்டுக் கதைன்னாலும் எனக்குத்தான் பெருமை ஜாஸ்தி. ஞாயிறுபள்ளி விழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் போட்டது நான், கெத்திதான் மாசிலாமணி, தலையில துண்டக் கட்டி, மைய வச்சு மீசை வரைஞ்சு, அந்த எலைக்கு முன்னாலருந்து எழும்பும்போது ஒரு எழும்பு எழும்புவா பாருங்க, கூட்டமே கைதட்டும். நிமிந்து எழும்பணும்ட்டி, திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தேன். அம்மை வேஷத்துக்கு யாரையும் போட்டதில்ல. ஒரு எலைய மட்டும் வச்சிருப்போம். காலைல ஐயர் சொல்லிக்கிட்டு வரும்போது மொதல் தடவையா எனக்கு இது நெஞ்சுல முள்ளு மாதிரி மாட்டுச்சு, அவரு எழும்பிப் போனாரு சரி, அந்த அம்மை என்ன செஞ்சா. அந்தச் சோத்த என்ன செஞ்சா. கோயில் கல்லுல மாசிலாமணி பேரு வெட்டியிருக்கு, அவளுக்குப் பேருகூட ஒருத்தருக்கும் தெரியல. காக்காய்க்குப் போட்டாளோ, மாட்டுக்கு வச்சாளோ, அப்படியே மூஞ்சிய மூடிட்டு உக்காந்திருந்தாளோ. அவ ஆளுககிட்ட போய் அவளும்தான் கேட்டிருப்பா, என் மகன் போன எடம் நல்ல எடமா கெட்ட எடமா, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு. அவங்க என்ன சொல்லியிருப்பாங்க, வேதக்காரனாப் போயிட்டான், கெட்டுப்போயிட்டான்னுதான் சொல்லியிருப்பாங்க. எங்களத்தான் சொல்லியிருப்பாங்க. பழைய காலத்துல மாதா கோயில்காரங்க எங்கள வழிதப்புன பதிதர்னாங்களாம், நாங்க அவங்கள சுரூபத்தக் கும்பிடுதவங்கன்னோம், முங்கி ஞானஸ்நானம் எடுத்தவங்கள அல்லேலூயாக் கூட்டம்னு சிரிச்சோம். இப்ப எம்பிள்ள எங்கள எல்லாத்தையும் ஒரே வாரியலால கூட்டி ஒதுக்கிட்டா. சிரிக்கதா அழுகதா. அப்ப சரியான எடம்னு எத வச்சுதான் கண்டுபிடிக்கது. எழும்பிப் போறவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருது. உக்காந்திருக்கவளுக்குத்தான் ஒண்ணும் தெரியல.

வந்துட்டா. மைனி என் தொடையில ஒரு இடி இடிச்சா, நிமிந்து பாத்தா கெத்தி வாசல்ல நிக்கா. மெலிஞ்சிட்டா. வெள்ளச்சேல, தல நெறைய முக்காடு, பாவி, காதுத் தொளை ரெண்டும் தூந்துகூடப் போகல, ஈர்க்குச்சி கூட இல்லாம கருப்பா தெரியுது. வரிசையே திரும்பிப் பாக்கு. நான் கையத் தூக்கிட்டேன், சின்னப்பிள்ள மாதிரி, இங்கட்டி, இங்க. வாளியத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். அவ பாயோரமா செருப்ப விட்டுட்டு வந்து எம்பக்கத்துல உக்காந்துட்டா. உக்காந்துட்டா. அவ மொழங்கை எம்மேல படுது, சூடா இருக்கு, காய்ச்சலா, இல்ல, வெயில்ல நடந்து வந்த சூடு. எப்பம் வந்த, பஸ்ல வந்தியா, மருமகன் வரலியான்னு எல்லாத்தையும் ஒண்ணா கேக்கேன். பஸ்ல வந்தேம்மா, தனியாத்தான் வந்தேன்னா. சொர்ணம் மைனி, நல்லாருக்கியாட்டின்னு கேட்டா, நல்லாருக்கேன் அத்தன்னு சொன்னா, அத்தன்னு சொன்னா, மொறை மறக்கல. எலை வருது. எலையப் போட்டுட்டாங்க, அவளுக்கும் எனக்கும் ஒரே வாழையில அறுத்த எலை, அவ எலையில நான் தண்ணி தெளிச்சுத் தொடச்சேன். பாட்டில எடுக்கல. நான் பைய ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருக்கேன், பைய தொறக்கல. ஆண்டவரே, நான் அண்ணைக்கு ஜெபிச்ச ஜெபத்த மன்னிச்சிரும், அவ எந்த உபதேசத்துலயும் தப்பவேண்டாம், இந்த எலையில கைய மட்டும் வச்சிரட்டும், வேற ஒண்ணும் நான் கேக்கமாட்டேன்.

சோறு விழுந்தாச்சு. மாங்காயும் கத்தரிக்காயும் போட்ட பருப்பு விழுந்தாச்சு. கறி வாளியோட இவுகதான் வாறாக. இந்த வரிசை இவுக வரிசை இல்ல, அடுத்த வரிசைதான், எப்படியோ மாத்திக்கிட்டு வாறாக. மைனிக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு கரண்டி. கெத்தி எலைக்கு முன்னால வந்து நின்னாக, மூஞ்சியப் பாக்கல, எலையத்தான் பாக்காக. கரண்டிய வாளிக்குள்ள விட்டுத் துழாவுதாக, துழாவுதாக, பின்னால நிக்கவன், பெரியப்பா, சீக்கிரம்ங்கான், இவுக கேக்கல. நெஞ்செலும்பு ஒண்ண எடுத்துச் சோத்துக்கு நடுவுல வச்சாக. இன்னொண்ணும் தேடி வச்சாக. சின்னதுல கறி எடுத்தா நெஞ்செலும்பு எனக்குத்தான்னு அழுது பொரளுவா, இவுக கடையில சொல்லிவச்சு வாங்கிட்டு வருவாக. செத்துட்டான்னு நெனச்சுக்கிட்ட மனுஷன். அவ தலையத் தூக்கி அப்பாவப் பாத்தா. இவுக அடுத்த எலைக்குப் போயிட்டாக.

ஜெபம். அசனத்துல ஐயர் ஜெபம் பண்ணாம யாரும் கை வைக்கக்கூடாது, மைக்குல இருமிட்டு ஆரம்பிக்காரு, எல்லாரும் கண்ண மூடுதோம். நான் கண்ண மூடிட்டேனே தவிர காத மூடல. ஐயர் அறுப்புக்கு நன்றி சொல்லுதாரு, சமைச்ச கைகளுக்கு ஆசீர்வாதம் கேக்காரு, முன்னோர்களுக்காக ஸ்தோத்திரம் சொல்லுதாரு. என் காது பூரா எம்பக்கத்துலதான் இருக்கு. கெத்தி பேசின மொத வார்த்தையே ஆமென்தான், அம்மான்னு சொல்லதுக்கு முன்னால ஆமென்னு சொன்னா, சோத்துக்கு முன்னால ஜெபம் பண்ணிட்டு ஆமென் சொன்னாத்தான் வாயில வைப்பேன்னு பழக்கினேன், பசி பொறுக்காம ஜெபத்துக்கு நடுவுலயே ஆமென் ஆமென்னு கத்துவா, இவுக சிரிப்ப அடக்கமுடியாம ஜெபத்த முடிச்சிருவாக. ஐயர் முடிச்சாரு. பந்தல் பூரா ஆமென்னு ஒரு எரைச்சல். சொர்ணம் மைனி சொன்னா, எதுத்த வரிசை சொல்லுச்சு, நான் சொன்னேன். எனக்கு எடது பக்கம் மட்டும் சத்தம் இல்ல. எரைச்சல்ல கேக்காமப் போயிருக்கும்னு கண்ணத் தொறந்தேன். அவ கண்ண மூடவே இல்ல. எலையப் பாத்துக்கிட்டு ரெண்டு கையையும் மடியில கோத்து வச்சிருக்கா. பாளையங்கோட்டை அம்மா சொன்னதெல்லாத்துலயும் தேறினவ இதுல தப்பிட்டா. நான் கேட்ட தப்பு கெடச்சிட்டு. கெடச்சு என்ன செய்ய.

“சாப்பிடு மக்கா, ஆறிரும்.”

“சாப்பிடக்கூடாதும்மா. ரெண்டு தரம் உங்களுக்குப் புத்தி சொல்லியாச்சு, அதுக்கு மேலயும் கேக்காதவங்கள விட்டு விலகணும்னு வேதத்துல இருக்கு. இனி வரமாட்டேன்னு நேர்ல சொல்லிட்டு வந்துர அண்ணன் சொன்னாங்க.”

“நான் பெத்த அம்மைட்டி.”

அவளுக்கு ஒதடு துடிக்கி. அழுதுருவா, அழுதுட்டான்னா கட்டிப் பிடிச்சிருவேன், பிடிச்சா விடமாட்டேன், கூட்டம் பாத்தாப் பாக்கட்டும். அவ அழல. மெதுவா, எனக்கு மட்டும் கேக்குத மாதிரி சொன்னா.

“மாசிலாமணி தாத்தாவுக்கும் அம்மை இருந்தாங்கள்லாம்மா.”

எழும்பிட்டா. நிமிந்து எழும்பினா, நான் சொல்லிக் குடுத்த மாதிரி. வரிசைக்குப் பின்னால நடந்து, செருப்ப மாட்டி, வாசலத் தாண்டிப் போறா. நான் கூப்பிடணும். கூப்பிட வாயத் தொறக்கேன், என்னன்னு கூப்பிட, அவ சொன்னதுக்கு ஒரு பதில் சொல்லணும்லா, அது வேற இது வேறன்னு சொல்லணும்லா. வேறதான், எனக்குத் தெரியும் வேறதான்னு, ஆனா எங்க வேறன்னு கேட்டா என்னால சொல்ல முடியல, வெரல வச்சு இங்கன்னு காட்ட முடியல. திரும்பிப் பாக்கமாட்டா, திரும்பிப் பாக்காதன்னு சொல்லிக் குடுத்தவ நான்தான். மைனி என் முதுகுல கைய வச்சுத் தடவுதா, சாப்பிடு லீதியா, நீயாவது சாப்பிடுங்கா. வெள்ளச்சேல பனைகளுக்கு நடுவுல கொஞ்ச நேரம் தெரிஞ்சுது. இப்ப தெரியல.

இவுக திரும்பி வந்து நிக்காக, காலி வாளியோட. எலையப் பாக்காக. சோறு போட்டபடி இருக்கு, குழி கூட ஒடைக்கல, நெஞ்செலும்பு ரெண்டும் வச்ச எடத்துலயே இருக்கு. எடுத்துரட்டுமான்னு கேக்காக. கேக்கும்போது கொரலு ஒடையுது, இருபது பேருக்கு முன்னால, கறி விளம்புத மனுஷனுக்கு. எடுக்காண்டாம்னேன். அசனச் சோத்த எலையில மிச்சம் வைக்கக்கூடாது, வீணாக்கக்கூடாது, இந்த ஊருல அது பெரிய குத்தம். அவ எலைய என் எலைப் பக்கம் இழுத்து வச்சிருக்கேன். மொதல்ல அவ எலைதான். பெசையும்போது இன்னும் சூடு இருக்கு, தொண்டையில எறங்கல, தண்ணியக் குடிச்சு எறக்குதேன், மறுபடியும் ஒரு வாய். அந்த அம்மை அந்தச் சோத்த என்ன செஞ்சான்னு இனி யாரும் எனக்குச் சொல்லவேண்டாம். காக்காய்க்கும் போடல, மாட்டுக்கும் வைக்கல. பிள்ளைக்குன்னு போட்டது, அவதான் தின்னிருப்பா. நெஞ்செலும்ப கடைசிக்குன்னு ஓரமா ஒதுக்கி வச்சிருக்கேன். நல்லா வெந்திருக்கு.